சினைப்பைப் புற்றும் தலையெழுத்தும்

நம் இல்லங்களில் ஒரு பெண் வயிற்றில் கட்டி கண்டு இறந்தாளெனின், சுற்றத்தார் கூறும் மொழி ஒன்றே: ‘தலையெழுத்து’. அவளுக்குப் பின் அவள் தங்கையும், சில்லாண்டு கழிந்தபின் மூத்த மகளும் அவ்வாறே மடிவராயின், அம்மொழி முன்னினும் உறுதியாகக் கூறப்படும். அதனோடு, அச்செய்தி வெளியார் செவிக்கு எட்டாவாறு மறைக்கவும்படும். அம்மொழி முற்றிலும் பொய்யன்று, முற்றிலும் மெய்யுமன்று, அதனைக் கூறிவிட்டு வாளா இருத்தலே பெருந்தீங்கு என்பது எம் கருத்து. எழுத்து என்பது உண்டு. அது தலையிலன்றி உயிரணுவிலே உளது. ஆயினும், எழுத்து இருப்பது ஒன்று, அவ்வெழுத்து வாசிக்கப்படுவது மற்றொன்று. சினைப்பைப் புற்றுநோயைக் குறித்து அண்மைக் காலத்தில் அறியப்பட்டவற்றுள் பெரும்பகுதி இவ்விரண்டாவதைப் பற்றியதே. ஆகலின் அதனைச் சிறிது விரித்துரைத்து, நம் மக்கள் செய்யத்தக்கது யாது என்பதையும் கூறத் துணிந்தோம். விஞ்ஞானம் பயிலாத நண்பர்கள் இவ்விடத்திலேயே தாளைப் புரட்டி அடுத்த கட்டுரைக்குச் சென்றுவிட வேண்டாவென்று கேட்டுக்கொள்ளுகிறோம். இதில் அவர்க்கும் அவர்தம் வீட்டார்க்கும் பங்குண்டு.

முதற்கண் ஓர் அம்மையாரை நினைவுகூர்தல் தகும். ரோசலிண்ட் பிராங்க்ளின் என்பார் 1920-ஆம் ஆண்டில் இலண்டன் நகரிற் பிறந்தவர். எக்ஸ்-கதிர்களைக் கொண்டு நுண்பொருள்களின் அமைப்பைக் காணும் கலையில் வல்லவர். 1952-இல் அவரது மேற்பார்வையில் எடுக்கப்பட்ட டி.என்.ஏ. படமொன்று, அடுத்த ஆண்டிலே வாட்சன், கிரிக் என்னும் இருவர் அப்பொருளின் இரட்டைச் சுருள் வடிவத்தைத் துணிந்து வெளியிடுதற்குப் பெருந்துணையாயிற்று. 1956-இல் அவர் அமெரிக்காவிற் பயணம் செய்துகொண்டிருக்கையில் வயிறு பருத்து ஆடை இறுகக் கண்டார். இலண்டன் மீண்டபின் செய்த அறுவையிற் கட்டிகள் வெளிப்பட்டன; அது சினைப்பைப் புற்று. வைரஸ்களின் அமைப்பைப் பற்றிய ஆராய்ச்சியை அதன் பின்னும் அவர் விட்டாரில்லை. 1958 ஏப்ரல் 16 அன்று, தம் 37-ஆம் வயதில் உயிர் நீத்தார். மரபுச் சுவடியின் வடிவை உலகிற்குக் காட்ட உதவியவர், அச்சுவடி பிழைபட வாசிக்கப்படுதலால் விளையும் நோயினாலேயே மாண்டார். அந்நோய் தமக்கு ஏன் வந்ததென்று அவர் வினவியிருப்பின், அக்காலத்து மருத்துவர் எவரிடத்தும் அதற்கு விடை இருந்திராது.

இனி, எழுத்து வேறு வாசிப்பு வேறு என்று யாம் கூறியதை விளக்குவாம். மனிதனுடைய மரபுச் சுவடியிலே, புரதங்களைச் சமைப்பதற்கு வழிகாட்டும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள. கண்ணில் உள்ள உயிரணுவிலும், கல்லீரலில் உள்ள உயிரணுவிலும் இருப்பது ஒரே சுவடியே. அங்ஙனமாயின் கண் கண்ணாகவும், கல்லீரல் கல்லீரலாகவும் இருப்பது யாங்ஙனம்? ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டிய ஏடுகளை மட்டுமே பிரித்து, அவற்றை ஆர்.என்.ஏ. என்னும் படியாகப் பெயர்த்தெழுதி, அப்படியின் துணைகொண்டு புரதங்களை ஆக்குகிறது. ஏனைய ஏடுகள் கட்டவிழ்க்கப்படாமலே கிடக்கின்றன. ஏடு இவ்வாறு வாசிக்கப்பட்டுப் பயன் தருவதையே மரபணு வெளிப்பாடு என்று அறிஞர் வழங்குவர்.

பனையோலைச் சுவடிகளைக் கையாண்டவர்க்கு ஒரு செய்தி தெரியும். ஓலையில் எழுத்துப் பிழை நேர்ந்தாலும் பொருள் கெடும்; எழுத்தெல்லாம் செம்மையாக இருந்தும் கயிறு இறுகி ஓலை பிரியாதாயினும் அப்பொருள் நமக்குக் கிட்டாது. உயிரணுவிலும் அவ்வாறே. எழுத்துப் பிழையைச் சடுதிமாற்றம் என்பர். கயிறு இறுகுதலைப் போன்றதொரு நிகழ்ச்சியும் உண்டு: மரபணுவின் தலைப்பகுதியில் மெத்தில் என்னும் சிறு வேதிக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்ளவே, அம்மரபணு எழுத்துக் குறையாதிருந்தும் ஊமையாகிவிடுகின்றது. இவற்றிற்கு மாறாக, ஒரே ஏடு பல படியாகப் பெருகி, வேண்டாத அளவு வாசிக்கப்படுவதும் உண்டு.

இம்மூன்றும் ஒருங்கே காணப்படும் நோய் சினைப்பைப் புற்று. அதன் பல வகைகளுள் மிகப் பரவியதும் மிகக் கொடியதுமானதைச் சீரஸ் வகை என்பர். யாம் ஈண்டுப் பேசுவது அதனையே. அமெரிக்காவில் பல ஆராய்ச்சிக் கூடங்கள் ஒன்றுகூடி இவ்வகைக் கட்டிகள் 489-ஐ ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டன. அவற்றுள் நூற்றுக்கு 96 கட்டிகளில் டி.பி.53 என்னும் மரபணு பிழைபட்டிருந்தது. ஊறுபட்ட உயிரணு மேலும் பிரிந்து பெருகாவண்ணம் தடுத்து நிறுத்தும் காவலாளி அம்மரபணு. காவலாளி இல்லாத வீட்டில் நடப்பதை விரித்துக் கூற வேண்டுவதில்லை. நூற்றுக்கு 20-க்குச் சற்று மிகுந்த கட்டிகளில் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணுக்களுள் ஒன்று பிழைபட்டிருந்தது. டி.என்.ஏ. இழைகள் இரண்டும் ஒருசேர முறியும்போது அவற்றைப் பிழையின்றிப் பொருத்துவது அவ்விரண்டின் தொழிலாகும்.

எம்மை வியப்பில் ஆழ்த்தியது இதன்பின் வருவது. நூற்றுக்கு 11 கட்டிகளில் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவிலே ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. மெத்தில் ஒட்டியதால் மட்டுமே அது ஊமையாகியிருந்தது. அப்பெண்கள் தம் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ இக்குறையைப் பெற்றாரல்லர். ஆயினும் முறிந்த இழைகள் பொருத்தப்படாமையாகிய விளைவு பெரும்பாலும் ஒன்றே. தலையெழுத்தென்று கூறுவோர் இதற்கு என்ன விடை கூறுவரோ அறியோம். அவ்வாராய்ச்சியாளர், வெளிப்பாட்டின் வேறுபாடு கொண்டு இக்கட்டிகளை நான்கு கூட்டமாகவும் பிரித்தனர். அப்பிரிவு அறிவிற்கு அழகேயெனினும், நோயாளியின் கட்டிலருகே பெரும்பயன் தந்ததாகச் சொல்லற்கில்லை.

இந்நோயின் பெயரே பெரும்பாலும் தவறு என்பதையும் கூறல் வேண்டும். சினைப்பையில் தோன்றுவதென்று நெடுங்காலமாகக் கருதப்பட்ட சீரஸ் புற்றுகளுள் மிகப்பல, உண்மையில் கருக்குழாயின் விரல்போன்ற நுனியில் தோன்றுவன. மரபு வழியாகப் பி.ஆர்.சி.ஏ. பிழையைப் பெற்று, நோய் வருமுன்னரே இவ்வுறுப்புக்களை அகற்றிக்கொண்ட பெண்களின் கருக்குழாய்களை 2001-இல் டச்சு மருத்துவர்கள் நுணுகி நோக்க, அங்கே புற்றின் முன்னிலையைக் கண்டனர். பாஸ்டன் நகரத்து நோய்க்கூறியலாரும் பின்னர் அதனை உறுதிப்படுத்தினர். இங்கும் வெளிப்பாடே சான்று பகர்ந்தது. பாக்ஸ்-8 என்னும் மரபணு கருக்குழாயின் உயிரணுக்களில் வாசிக்கப்படுவது. சினைப்பையின் மேற்றோலில் அது பொதுவாக வாசிக்கப்படுவதில்லை. புற்றின் உயிரணுக்களோ அதனை ஓயாது வாசித்துக்கொண்டிருக்கின்றன. ஊர் மாறிய ஒருவன் தன் பிறந்த ஊரைப் பேச்சினாற் காட்டிக்கொடுப்பது போன்றதே இது. 2017-இல் வெளிவந்த கணிப்பொன்றின்படி, குழாய் நுனியிலே முன்னிலைப் புற்று தோன்றிய காலத்திற்கும் சினைப்பையிற் கட்டி உண்டாகும் காலத்திற்கும் இடையே ஏறத்தாழ ஆறரை ஆண்டு செல்லுகிறது. சினைப்பையை அடைந்தபின்னரோ அது விரைந்து வயிறெங்கும் பரவிவிடும்.

ஆறரை ஆண்டு இடைவெளி உளதேல், அதற்குள் இரத்தத்தைச் சோதித்து நோயைக் கண்டுகொள்ளலாகாதோ என்று மாணவர் வினவுவர். நல்ல வினாவே. 1981-இல் ராபர்ட் பாஸ்ட் என்பாரும் அவர் கூட்டத்தாரும் கண்ட சி.ஏ.125 என்னும் பொருளும், அதன் பின்னர் அறியப்பட்ட எச்.இ.4 என்பதும் இந்நோக்கத்துக்கே பயன்படுமென்று நம்பப்பட்டன. புற்றணுக்கள் சில மரபணுக்களை அளவிறந்து வாசிக்கின்றன, அதனால் மிகுதியான புரதம் இரத்தத்திலே கசிகின்றது, அதனை அளந்தறிகிறோம். கொள்கை குற்றமற்றது. ஆனால் பிரிட்டனில் 2,02,638 பெண்களைச் சேர்த்து நடத்தப்பெற்ற பெருஞ்சோதனையின் முடிவு 2021-இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் சி.ஏ.125 பார்க்கப்பட்ட கூட்டத்தில், முற்கட்டத்திலே கண்டறியப்பட்டோர் தொகை மிகுந்ததேயன்றி, இந்நோயால் இறந்தோர் தொகை குறையவில்லை. மேலும் அப்பொருள், மாதவிடாய்க் காலத்திலும், கருப்பைப் படலம் இடம் மாறிய நோயிலும், வயிற்றுக் காசத்திலும் உயரும். வயிற்றுக் காசம் நம் நாட்டில் அரிதன்று. நோய்க்குறியொன்றும் இல்லாத பெண்களுக்கு ‘முழுவுடற் பரிசோதனை’ என்னும் பெயரில் இவ்விரத்தச் சோதனையையும் சேர்த்து விற்பனை செய்யும் வழக்கம் நகரங்களிற் காணப்படுகிறது. அதனை யாம் ஏற்கிலோம். அளவு சிறிது உயர்ந்திருப்பின் அவள் உறக்கமிழந்து வேண்டாத அறுவைக்கும் உட்படுவாள். உயராதிருப்பின் பொய்யான ஆறுதல் கொள்வாள். நோய் கண்டவரின் மருத்துவம் எவ்வாறு செல்கின்றதென்று காண்பதற்கு அச்சோதனை பயனுடையது. அத்தொழிலை அது செய்துகொண்டிருக்கட்டும்.

அதனினும் மலிவான சோதனை ஒன்று உண்டு. அது செவி கொடுத்துக் கேட்டல். வயிறு உப்புதல், அடிவயிற்று நோவு, சிறிது உண்டவுடன் நிறைந்துவிட்டதென்னும் உணர்ச்சி, அடிக்கடி சிறுநீர்க்கு விரைதல் ஆகிய இவை புதிதாகத் தோன்றி, மாதத்திற் பன்னிரண்டு நாளுக்கு மேலும் தொடர்ந்து வருமாயின், மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்நோய் ஓசையின்றிக் கொல்லுவது என்பது வழங்கிவரும் பேச்சு. ஓசை இல்லாமலில்லை. நம் வீட்டுப் பெண்கள் வாயுத்தொல்லை என்று கூறிச் சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு அடுக்களைக்குச் சென்றுவிடுகின்றனர், கேட்போர் எவருமிலர்.

வெளிப்பாடு மாறுதலைப் பற்றிய அறிவு மருத்துவத்துக்குப் பயன்பட்டதோ எனின், ஓரிடத்திற் பெரும்பயன் தந்துளது. ஓர் ஆற்றுக்கு இரு பாலங்கள் இருப்பின், ஒன்று இடிந்தாலும் மற்றொன்றாற் போக்குவரவு நடைபெறும். பி.ஆர்.சி.ஏ. இழந்த புற்றணுவிற்கு ஒரு பாலம் முன்னரே இடிந்தது. எஞ்சிய பாலமாகிய பார்ப் என்னும் நொதியை மருந்தினால் அடைத்தால், புற்றணு மடியும். நலமுள்ள அணுவுக்கோ பழைய பாலம் இருப்பதனாற் பிழைக்கும். 2005-இல் இருவேறு ஆராய்ச்சிக் குழுவினர் இதனைக் காட்டினர். இவ்வழியே ஆக்கப்பட்ட ஒலாபரிப் என்னும் மருந்து 2014-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்றது. பி.ஆர்.சி.ஏ. பிழையுடையராய், நோய் முற்றிய நிலையில், முதன் மருத்துவத்திற்குக் கட்டி சுருங்கப்பெற்ற பெண்களுக்கு அதனைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த சோதனையிலே, ஏழாண்டின் முடிவில் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 67; மருந்து பெறாதார் கூட்டத்தில் ஏறத்தாழ 47. முன்னர்ச் சில்லாண்டிற் பெரும்பாலோரை இழந்த நோய்க்கு இது சிறிய வெற்றியன்று.

ஆயினும் புற்றணு நம்மினும் சூழ்ச்சியில் வல்லது. ஆஸ்திரேலிய அறிஞர் 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மருந்துக்கு முதலில் இணங்கிய கட்டிகள் பின்னர் இணங்காமற் போனதன் காரணங்களைக் கண்டனர். ஒரு பெண்ணிடத்தே, ஊமையாயிருந்த பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவின் மெத்தில் கட்டு தானே அவிழ்ந்து, அது மீண்டும் வாசிக்கப்படலாயிற்று. நலமுள்ள அணுவில் வாசிக்கப்பட வேண்டிய ஏடு, புற்றணுவில் வாசிக்கப்பட்டதே கேடாக முடிந்தது! வேறு சிலரிடத்தே, மருந்தை அணுவினின்று வெளியே இறைத்துத் தள்ளும் ஏ.பி.சி.பி.1 என்னும் மரபணு, இடம் மாறி வேறொரு மரபணுவின் தலைப்பகுதியோடு ஒட்டிக்கொண்டு, ஓயாது வாசிக்கப்படலாயிற்று. கட்டியை ஒருமுறை சோதித்து அதன் இயல்பை எஞ்ஞான்றும் அறிந்துவிட்டதாகக் கொள்ளுதல் கூடாதென்பது இதனாற் பெறப்படும்.

இனி எம் முதன்மையான வழக்குக்கு வருவோம். இந்நோயுற்றவருள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் மரபுப் பிழையோடு பிறந்தவர். மேரி-கிளேர் கிங் என்னும் அம்மையார், குடும்பங்களில் தொடர்ந்து வரும் மார்புப் புற்றுக்குக் காரணமான மரபணு 17-ஆம் குரோமோசோமில் உளதென்று 1990-இற் காட்டினார். அதுவே 1994-இற் பிரித்தெடுக்கப்பட்ட பி.ஆர்.சி.ஏ.1. இப்பிழையுடைய பெண் எண்பது வயதிற்குள் சினைப்பைப் புற்று அடைதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 44 என்றும், பி.ஆர்.சி.ஏ.2 பிழையுடையவட்கு 17 என்றும் 2017-இல் வெளிவந்த பேராராய்ச்சி கூறுகின்றது. பொதுவாகப் பெண்களுக்கு உள்ள வாய்ப்போ நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். இவ்வெண்களை இருபுறமும் நோக்கல் வேண்டும். 44 என்பது அச்சந்தரும் எண்ணே. ஆயினும் அது நூறன்று. பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்த இரு படிகளுள் ஒன்றே பிழையுடையது; நல்ல படியும் ஏதேனும் ஓர் அணுவிற் கெட்டாலன்றி நோய் தோன்றாது. வருவது உறுதியாயின் தலையெழுத்தெனலாம். வருமுன் தடுக்க வழியுள்ளதை அவ்வாறு கூறுதல் சோம்பலேயாம்.

வழியும் உண்டு. பி.ஆர்.சி.ஏ.1 பிழையுடையவர் மகப்பேறு முடிந்தபின் 35 முதல் 40 வயதிற்குள்ளும், பி.ஆர்.சி.ஏ.2 பிழையுடையவர் 40 முதல் 45 வயதிற்குள்ளும், கருக்குழாய்களையும் சினைப்பைகளையும் அகற்றிக்கொள்ளுமாறு மருத்துவர் கூறுவர். அதனால் மாதவிடாய் முன்னதாகவே நின்று எலும்பிற்கும் இதயத்திற்கும் இடர் நேரலாம் என்பதை மறைத்தல் ஆகாது. எனினும் அவ்வழியைத் தேர்வதோ விடுவதோ, பிழை இருப்பதை அறிந்தவட்கன்றோ இயலும்? ஆகையால், சீரஸ் வகைச் சினைப்பைப் புற்று உற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும், அவள் குடும்பத்தில் வேறெவர்க்கும் நோய் இல்லையாயினும், மரபணுச் சோதனை செய்தல் வேண்டும். பிழை காணப்படின் அவள் உடன்பிறந்தார்க்கும் மக்கட்கும் அது தெரிவிக்கப்படல் வேண்டும். அவருள் ஒவ்வொருவர்க்கும் அப்பிழை வந்திருத்தற்கு வாய்ப்புச் சரிபாதி.

இதற்கு எதிராக எழும் குரல் யாதென்று யாம் அறிவோம். ‘வீட்டில் மணமாகாத பெண்கள் உளர், இச்செய்தி வெளிப்படின் யார் பெண் கேட்டு வருவர்?’ என்பதே அது. இக்கவலையை நகையாடுதல் எளிது, யாம் நகையாடோம். மணப்பேச்சில் ஒரு சொல் போதும், குடும்பம் தலைகுனியும் என்பதை இந்நாட்டிற் பிறந்தவர் எவர் அறியார்? ஆயின், ஊர்க்குச் சொல்லுதல் வேறு, மகட்குச் சொல்லுதல் வேறு. நோயாளியின் செய்தியை மருத்துவர் ஊரார்க்கு உரையார். தாய் தன் மகட்கு உரைத்தல் கூடும். ஊர்க்கு அஞ்சி மகளிடமும் மறைப்போர், அவள் மணத்தைக் காத்து அவள் உயிரைப் பணயம் வைக்கின்றனர். இன்னொன்று: இப்பிழை தாய்வழியில் மட்டுமே வருவதென்று படித்தவரும் நினைக்கின்றனர். தந்தை வழியாகவும் அது வரும். தந்தைக்குச் சினைப்பை இல்லாமையால் அவரிடத்தில் அது வெளிப்படாது மறைந்திருக்கும். அத்தையரும் தந்தையைப் பெற்ற பாட்டியும் எந்நோயால் இறந்தனர் என்று கேட்டறியாத மருத்துவக் குறிப்பு அரைக்குறிப்பே. நம் மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, மூத்தோரிடம் இவ்வினாவை மெல்ல எழுப்பி விடையை எழுதி வைத்துக்கொள்ளலாம்; அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை.

மரபுப் பிழை இல்லாத பெண்களே நோயாளருட் பெரும்பாலோர் ஆகலின், அவர்க்கு யாது செய்வது என்பதும் எண்ணத்தக்கது. உலகில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 3,24,000-க்கு மேற்பட்ட பெண்கள் இந்நோய்க்குப் புதிதாக ஆளாயினர். 2,06,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண மருத்துவர் 2010-இல் ஒரு முயற்சி தொடங்கினர். கருப்பையை அகற்றும் அறுவையின்போதும், கருத்தடைக்காகக் குழாயைக் கட்டும்போதும், சினைப்பைகளை அவ்வாறே விட்டுக் கருக்குழாய்களை மட்டும் முழுதும் எடுத்துவிடலாம் என்பதே அது. 2022-இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, அவ்வறுவை பெற்றோரிடையே ஐந்து சீரஸ் புற்றுகளேனும் எதிர்பார்க்கப்பட்ட காலத்தில் ஒன்றும் தோன்றவில்லை. எண் சிறிதே, பார்த்த காலமும் குறுகியதே. ஆயினும் புற்றின் பிறப்பிடம் குழாய் நுனி என்னும் கொள்கையோடு அது இசைகின்றது. மகப்பேற்று மருத்துவர்க்கான அமெரிக்கக் கல்லூரியும் 2015-இலேயே, இதனைப் பெண்களோடு கலந்து பேசுமாறு தன் உறுப்பினர்க்கு எழுதிற்று.

இது நம் நாட்டிற்கு மிகப் பொருத்தமானது. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கின்படி, இந்தியாவில் மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர். தமிழ்நாட்டில் அத்தொகை பாதிக்கும் மேற்பட்டது. அத்தனை பெண்களின் கருக்குழாய்களும் மருத்துவரின் கைக்கு எட்டியவை. கட்டப்பட்டு அல்லது சிறிது நறுக்கப்பட்டு, நுனி அங்ஙனமே விடப்பட்டவை. முழுக்குழாயையும் எடுப்பதற்குச் சிறிது நேரம் மிகுதியாகும்; குருதிக்குழாய்கள் அருகிருத்தலின் கைத்திறனும் மிகுதியாக வேண்டும்; பின்னர்க் குழாயை மீண்டும் இணைக்கவும் இயலாது. பேறுகாலத்தையடுத்து நெருக்கடியில் ஒரு நாளிற் பலர்க்குச் செய்யப்படும் அறுவையில் இது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆயினும் வேண்டுமா வேண்டாவா என்று அப்பெண்ணிடமே கேட்டுப் பார்ப்பதற்கு அரைநாழிகையும் செல்லாது. அறுவைக்கு முன் அவள் கையொப்பமிடும் தாளிலே அவ்வினாவிற்கு ஒரு வரி ஒதுக்குமாறு, பயிற்சி பெற்று வெளியேறும் நம் மருத்துவ மாணவரையும் அவர்தம் ஆசிரியரையும் வேண்டுகிறோம். அதற்குரிய விடையைக் கணவனோ மாமியாரோ கூறாது, தாளில் ஒப்பமிடுபவளே கூறட்டும்.